பல கோபுரம், ஒரு குரல்

வானொலிப் பெட்டியில் ஒலி சரியாகக் கேட்கவில்லை என்றால் நாம் முதலில் செய்வது என்ன? ஏரியல் கம்பியை இன்னும் சற்று உயர்த்திக் கட்டுகிறோம். தொலைவிலிருந்து வரும் அலை மெலிந்து போயிருக்கும். சற்று உயரத்தில் அதை எதிர்கொண்டு வாங்கினால் ஒலி தெளியும் என்பது நம் நெடுநாளைய அனுபவம். பெரும்பாலும் அந்த அனுபவம் பொய்ப்பதில்லை. ஆனால், ஏரியலை உயர்த்த உயர்த்த ஒலி கெட்டுக்கொண்டே போகும் ஒரு நோயும் வானொலி உலகில் உண்டு. அங்கே அலைக்குப் பஞ்சமில்லை; அலை மிகுந்துபோனதுதான் குற்றம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு விஞ்ஞானம் எழுதிய உரை என்றே அதைச் சொல்லலாம். அந்த விந்தையைப் பற்றித்தான் இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

இந்த நோயினால் பெரிதும் அவதிப்படுகிறவர்கள், அமெரிக்க நாட்டில் ‘ஸ்கேனர்’ என்னும் கருவியைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள். ஸ்கேனர் என்பது கேட்க மட்டுமே பயன்படும் ஒரு வானொலிக் கருவி. அதில் பேச இயலாது. நாம் பாட்டும் செய்தியும் கேட்கும் பெட்டி ஒரே நிலையத்தில் நிலைத்து நிற்கும். ஸ்கேனரோ, ஓர் அலைவரிசையில் பேச்சு நடக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அடுத்ததற்குத் தாவும். இவ்வாறு ஒரு வினாடிக்குள் பல கதவுகளைத் தட்டிப் பார்த்துவிடும். காவல் துறை, தீயணைப்புப் படை, மருத்துவ ஊர்தி முதலியவை தமக்குள் பேசிக்கொள்வதை அதில் கேட்கலாம். பத்திரிகை அலுவலகங்களில் செய்தி மேஜையின் மேல் அது இருக்கும். தீயணைப்புத் தொண்டர்களின் வீடுகளில் இருக்கும். காட்டுத்தீக்கு அஞ்சி வாழும் மேற்கு மாநிலங்களின் சிற்றூர்களில், தீ எந்தச் சாலையைத் தாண்டிவிட்டது என்று அறிவதற்காகவே அதை வாங்கி வைத்திருப்போர் உண்டு. அந்நாட்டில் இப்படிக் கேட்பது பொதுவாகக் குற்றமன்று; சில மாநிலங்களில் மட்டும் வாகனத்தில் வைத்துக் கேட்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. நம் நாட்டில் இத்தகைய பேச்சை உரிமமின்றிக் கேட்பதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே, இப்பேச்சில் வரும் காட்சிகள் யாவும் அமெரிக்காவைச் சேர்ந்தவையே.

ஒரு காலத்தில் ஸ்கேனரின் வேலை எளிதாக இருந்தது. தீயணைப்புப் படைக்கு ஓர் அலைவரிசை, காவல் துறைக்கு ஓர் அலைவரிசை என்று தனித்தனியே ஒதுக்கியிருந்தார்கள். ஊர் வளர்ந்தது, துறைகள் பெருகின, அலைவரிசைகள் போதவில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால், ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள் பெரும்பாலான நேரம் வாய்மூடிக் கிடந்தன. ஒருவருடையது சும்மா இருக்கும் வேளையில் மற்றொருவர் தமது அலைவரிசையில் இடமின்றி நெருக்குண்டார். இதற்கு மாற்று, தொலைபேசித் துறையில் ஏற்கெனவே இருந்தது.

‘டிரங்க் கால்’ என்ற சொல்லை நம் நாட்டில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே வீட்டுக்கு ஒரு கம்பி இழுப்பதில்லை. சில பொதுக் கம்பிகளே உண்டு. கேட்பவருக்கு எது காலியோ அதைத் தொலைபேசி நிலையத்தார் இணைத்துக் கொடுப்பார்கள். பேச்சு முடிந்ததும் அது அடுத்தவருக்குப் போகும். அந்த முறையையே கம்பியில்லாப் பேச்சுக்கும் கொண்டுவந்தார்கள். ‘டிரங்க் ரேடியோ’ என்னும் பெயர் அதனால் வந்ததே. பத்து இருபது அலைவரிசைகள் பொதுச் சொத்து. அவற்றுள் ஒன்று மட்டும் தொலைபேசி நிலையத்தாரைப் போல இடைவிடாது கட்டளையிட்டுக்கொண்டிருக்கும்; அதற்குக் கட்டுப்பாட்டு அலைவரிசை என்று பெயர். காவலர் பொத்தானை அழுத்தியதும், ‘இக்குழுவினர் இந்த அலைவரிசைக்குச் செல்க’ என்று அது ஆணையிட, அக்குழுவின் கருவிகள் எல்லாம் நொடிப்பொழுதில் அங்கே கூடிவிடும். அடுத்த வாக்கியம் வேறோர் அலைவரிசையில் ஒலிக்கலாம். பழைய ஸ்கேனர் இந்த ஓட்டத்தின் பின்னால் ஓட முடியாமல் திகைத்தது. 1997இல் யூனிடன் நிறுவனம், கட்டுப்பாட்டு அலைவரிசையின் ஆணைகளைத் தானும் படித்துக்கொண்டு பின்தொடரும் ஸ்கேனரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திகைப்பு நீங்கியது, ஆனால் அடுத்த சோதனை காத்திருந்தது.

அந்தச் சோதனைக்குப் பின்னால் துயரமான வரலாறு ஒன்று உண்டு. 1982ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வாஷிங்டன் நகரில் ஒரு விமானம் பாலத்தில் மோதிப் பனி உறைந்த பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. மீட்க ஓடிவந்த துறைகள் ஒன்றோடொன்று வானொலியில் பேசிக்கொள்ள முடியாமல் தவித்தன. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று நியூயார்க் நகரத்தின் இரட்டைக் கோபுரங்கள் எரிந்தபோது, ஹெலிகாப்டரில் வட்டமிட்ட காவலர்கள் தந்த எச்சரிக்கை, கோபுரத்தினுள் ஏறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களைச் சென்றடைய நேர்வழி இல்லை. அன்று மாண்ட தீயணைப்பு வீரர்கள் 343 பேர். எல்லாத் துறைகளும் ஒரே மொழியில் பேசும் கருவிகள் வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் நாடெங்கும் வலுப்பெற்றது. 1989இல் தொடங்கப்பட்ட ‘புராஜெக்ட் 25’ என்னும் டிஜிட்டல் முறை அமெரிக்காவில் பரவியதற்கு இந்த எண்ணம் ஒரு பெரும் காரணம்.

டிஜிட்டல் முறையில் குரல் குரலாகவே செல்வதில்லை. எண்களாக மாறிச் செல்கிறது. புராஜெக்ட் 25இன் முதற்கட்டத்தில் வினாடிக்கு 9,600 பிட்டுகள் செல்லும். இரண்டு இரண்டு பிட்டுகளை ஒரு குறியாகக் கட்டி, வினாடிக்கு 4,800 குறிகளாக அனுப்புவார்கள். ஒரு குறிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 208 மைக்ரோ வினாடி. அதாவது, வினாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றில் 208 கூறு. பழைய முறையில் அலை மெலிந்தால் இரைச்சல் கூடும். இரைச்சலுக்கு நடுவிலும் நம் காது பேச்சைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். டிஜிட்டல் முறையில் அத்தகைய தாட்சணியம் இல்லை. பிழைகள் ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை குரல் பளிங்குபோல் இருக்கும்; எல்லையைத் தாண்டினால் நீருக்கடியில் பேசுவதுபோல் குழறும், அல்லது அடியோடு நின்றுவிடும். சரிவாக இறங்கும் மேட்டுக்கும் செங்குத்தான பாறை விளிம்புக்கும் உள்ள வேறுபாடு இது.

இனி நோயின் மூலத்துக்கு வருவோம். ஒரு பெரிய நகரம் முழுவதற்கும், கட்டடங்களின் உள்ளறைகளில் நிற்கும் காவலரின் இடுப்புக் கருவிக்கும் எட்டும்படி ஒரே கோபுரத்திலிருந்து ஒலிபரப்புவது இயலாது. பல கோபுரங்கள் வேண்டும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் வேறு வேறு அலைவரிசை கொடுக்கலாமென்றால் அலைவரிசைக்கு எங்கே போவது? எனவே, எல்லாக் கோபுரங்களும் ஒரே அலைவரிசையில், ஒரே பேச்சை, ஒரே கணத்தில் ஒலிபரப்பும்படி அமைத்தார்கள். இதற்கு ‘சைமல்காஸ்ட்’ என்று பெயர். உடனிகழ் ஒலிபரப்பு என்று நாம் சொல்லலாம். ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் துல்லியமான கடிகாரம் இருக்கும். விண்ணில் சுழலும் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் அந்தக் கடிகாரங்களுக்கெல்லாம் ஒரே நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாக் கோபுரங்களும் ஒரே கணத்தில் பேசுகின்றன, சரி. ஆனால் கேட்பவர் காதுக்கு எல்லாம் ஒரே கணத்தில் வந்து சேருமா? நம்மூர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தேரடியிலிருந்து கடைத்தெரு வரை கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். பாடுவது ஒரே இசைத்தட்டு. ஒரு கூம்பின் அடியில் நின்றால் பாட்டு தெளிவாகக் கேட்கும். இரண்டு கூம்புகளுக்கு நடுவே வந்து நின்றால், முன்னதன் சொல்லோடு பின்னதன் சொல் மோதி, ஒரு சொல்லும் விளங்காமல் போகும். அங்கே ஒலி குறைந்தா விட்டது? இல்லை; இரண்டு மடங்காகிவிட்டது. அதுவே குழப்பத்துக்குக் காரணம்.

வானொலி அலை ஒலியைவிட எத்தனையோ மடங்கு வேகமாகச் செல்வது. ஆயினும் அதன் வேகத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு மைக்ரோ வினாடியில் அது செல்லும் தூரம் 300 மீட்டர். ஒருவர் வீடு ஒரு கோபுரத்திலிருந்து 4 கிலோமீட்டரும் மற்றொன்றிலிருந்து 19 கிலோமீட்டரும் தள்ளியிருப்பதாகக் கொள்வோம். இடைவேறுபாடு 15 கிலோமீட்டர். அப்படியானால், தொலைக் கோபுரத்தின் அலை 50 மைக்ரோ வினாடி பிந்தி வந்து சேரும். ஒரு குறிக்கு உரிய நேரமே 208 மைக்ரோ வினாடிதான் என்று கண்டோம். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நேரம், புதிய குறியின்மேல் பழைய குறியின் வால் படிந்திருக்கிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் உருவத்துக்கு அருகே மங்கலாக ஒரு நிழலுருவம் தோன்றுமே, அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. கட்டடத்தில் பட்டுத் திரும்பிய அலை பிந்தி வந்ததால் உண்டான நிழல் அது. கண் அந்த நிழலைப் பொறுத்துக்கொண்டது. எண்களைப் படிக்கும் கருவி பொறுப்பதில்லை.

இன்னொரு தீங்கும் உண்டு. 850 மெகாஹெர்ட்ஸ் அளவில் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். இரண்டு கோபுரங்களின் அலைகளும் ஏறத்தாழ ஒரே வலுவுடன் வந்து, ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் ஒரே இடத்தில் சந்தித்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கிருந்து ஒரு சாண் நகர்ந்தால் மேட்டோடு மேடு சேர்ந்து வலுத்து நிற்கும். மேஜையின் இந்த மூலையில் குழறிய ஸ்கேனர், அந்த மூலையில் தெளிவாகப் பேசுவதன் மர்மம் இதுதான். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. அதே தெருவில் நிற்கும் காவலரின் கருவி மட்டும் எவ்வாறு தெளிவாகக் கேட்கிறது? இதற்கு விடை இரண்டு.

முதலாவது, இடத்தைப் பற்றியது. பொறியாளர்கள் கோபுரங்களை நிறுவும்போது, அலைகள் மோதிக்கொள்ளும் இடங்களை முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு கோபுரமும் பேசத் தொடங்கும் கணத்தைச் சில மைக்ரோ வினாடிகள் முன்பின்னாக அமைத்து, கெடுதியான மோதல் இடங்களைத் தமது சேவை எல்லைக்கு வெளியே தள்ள முயல்கிறார்கள். ஏரியிலோ, ஆளில்லா மலையிலோ, அடுத்த மாவட்டத்திலோ அவை போய் விழலாம். அடுத்த மாவட்டத்தில் குடியிருக்கும் ஸ்கேனர் அன்பரின் வீடு அந்த இடத்திலேயே அமைந்துவிட்டால், அவருடைய நோய்க்கு அவருடைய கருவி மட்டும் காரணமன்று. அவர் அந்த அமைப்பின் கணக்கிலேயே இல்லாதவர்.

இரண்டாவது விடை, கருவியைப் பற்றியது. இத்தகைய பல அமைப்புகளில் கோபுரங்கள் அனுப்பும் அலை, அதிர்வு எண்ணில் மட்டுமன்றி வலுவிலும் கட்டத்திலும் அளவோடு மாறும்படி வடிக்கப்பட்டது. பல கோபுரங்களின் அலைகள் கூடும்போது நேரும் கேட்டைத் தாங்கும் வன்மை அதற்கு அதிகம். அந்த நயத்தை உணர, வாங்கும் கருவியும் அலையின் வலுவையும் கட்டத்தையும் ஒருங்கே அளக்க வேண்டும். நெடுங்காலம் விற்ற ஸ்கேனர்களோ, பழைய எஃப்.எம். முறையின் வழிவந்தவை. அதிர்வு எண் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் அவை பார்க்கும். வலுவில் நேரும் மாற்றத்தைத் தேவையற்றது என்று வெட்டி எறிந்துவிடும். தாளத்தை மட்டும் எண்ணிக்கொண்டு சுருதியைக் காதில் வாங்காத ஒருவரிடம் பாட்டின் குறையைக் கேட்டால் எப்படிச் சொல்வார்? காவலரின் கருவியோ தாளத்தையும் கேட்கிறது, சுருதியையும் கேட்கிறது, அன்றியும், வந்த அலை எவ்வாறு சிதைந்தது என்பதைக் கணித்துச் சீராக்கும் ஏற்பாடும் தரமான கருவிகளில் உண்டு.

இந்த நோயை எப்படி அறிந்துகொள்வது? அலைவலுவைக் காட்டும் கோடுகள் நிறைந்திருக்கும். ஆயினும் பேச்சு துண்டு துண்டாக உடையும். ஏரியலை உயர்த்தினால் கோடுகள் கூடும். பேச்சு மேலும் கெடும். பெட்டியை ஒரு சாண் நகர்த்தினால் நிலைமை மாறும். இம்மூன்றும் கூடியிருந்தால், நோய் உடனிகழ் ஒலிபரப்பினால் வந்தது என்று பெரும்பாலும் துணியலாம். கோடுகளே குறைந்திருந்தால் அது வேறு நோய். பழைய வைத்தியமாகிய உயர்ந்த ஏரியலே அதற்குப் போதும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதால்தான் பலர் மேன்மேலும் விலையுயர்ந்த ஏரியல்களை வாங்கி ஏமாற்றமடைகிறார்கள்.

மருந்து என்ன? பல குரலில் ஒன்றை மட்டும் கேட்பதே. திருவிழாக் கூட்டத்தில் ஒரு கூம்பின் பக்கமாக நடந்துசென்று நிற்கிறோம் அல்லவா? அதைப் போலவே இங்கும் செய்யலாம். மீன்முள் போன்ற யாகி ஏரியலை நேயர்கள் அறிவீர்கள். 1980களில் இலங்கையின் ரூபவாஹினியைக் காண்பதற்காக நம் கடற்கரையூர்களின் மாடிகளில் தென்திசை நோக்கி நின்றவை அவைதாம். தான் பார்க்கும் திசையிலிருந்து வருவதை மிகுதியாகவும், பிற திசைகளிலிருந்து வருவதைக் குறைவாகவும் வாங்கும் இயல்பு அதற்கு உண்டு. அதை ஒரே கோபுரத்தை நோக்கித் திருப்பினால் மற்றவை அடங்கும். சில வேளைகளில், வேண்டிய கோபுரத்தைப் பார்ப்பதைவிட, வேண்டாத கோபுரத்துக்குப் பக்கம் காட்டி நிற்கும்படி திருப்புவதே அதிகப் பயன் தரும். யாகி இல்லாதவர் ஏரியலை உயரத்திலிருந்து இறக்கி, ஒரு பக்கச் சுவர் மறைக்கும்படி சன்னலோரம் வைத்துப் பார்க்கலாம். சுவரும் ஒரு நண்பனே. கருவியின் உணர்திறனைக் குறைக்கும் விசையும் சிலருக்கு உதவுகிறது. ஆனால் எல்லாக் கோபுரங்களையும் அது சம அளவில் குறைப்பதால், அதை நம்பியே இருப்பதற்கில்லை.

இவற்றாலும் தீராதவர்களுக்குப் புதிய கருவிகள் வழிகாட்டின. கணினியில் செருகித் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு சிறு வில்லை, அலையை வெட்டாமல் குறைக்காமல் அப்படியே எண்களாக ஒப்படைக்கும் ஆற்றல் உடையது என்பது 2012ஆம் ஆண்டில் பரவலாகத் தெரியவந்தது. விலை 20 டாலர் அளவில் இருந்த அந்த வில்லையையும், ஆர்வலர்கள் எழுதி இலவசமாக வழங்கிய நிரல்களையும் கொண்டு, பெரிய ஸ்கேனர்கள் தோற்ற இடத்தில் பலர் தெளிவாகக் கேட்டார்கள். பிறகு 2018இல் யூனிடன் நிறுவனம், அலையின் வலுவையும் கட்டத்தையும் ஒருங்கே அளக்கும் எஸ்.டி.எஸ். 100 என்னும் கையடக்க ஸ்கேனரை, ஏறத்தாழ 700 டாலர் விலையில் வெளியிட்டது. உடனிகழ் ஒலிபரப்பின் குழப்பத்தைத் தீர்ப்பதையே அதன் சிறப்பாக விளம்பரம் செய்தார்கள். மின்கம்பம் முறிந்து கணினி படுத்த வேளையிலும் கையில் எடுத்துக்கொண்டு ஓடத்தக்க கருவி அது. ஆனால் எளியவர்கள் வாங்கத்தக்க விலையன்று.

கேளாமை எல்லாவற்றுக்கும் அலை மோதலே காரணம் என்றும் கொள்ளக்கூடாது. டென்வர் நகரக் காவல் துறை 2019இல் தன் பேச்சை மறைமொழியாக்கியது. நியூயார்க் நகரக் காவல் துறை 2023இல் அவ்வழியில் இறங்கியது. சிகாகோ நகரில் மறைமொழியாக்கியதோடு, பொதுமக்களுக்கு அரைமணி நேரம் தாமதித்த ஒலியை மட்டும் திறந்துவைத்தார்கள். குற்றவாளிகள் கேட்டுவிடுகிறார்கள், நோயாளிகளின் அந்தரங்கம் வெளிப்படுகிறது என்பன காவல் துறையினர் கூறும் காரணங்கள். காவலரின் செயலை மக்களும் பத்திரிகைகளும் உடனுக்குடன் அறியும் வழி அடைபடுகிறது என்பது மறுதரப்பின் முறையீடு. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இது மக்கள் பேசி முடிவு செய்யவேண்டிய வழக்கு, ஏரியலால் தீர்வதன்று. உடனிகழ் ஒலிபரப்பின் குழறலோ யாரும் வேண்டுமென்று செய்ததன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதி, ‘எங்களைக் கேட்கவிடாமல் செய்கிறார்கள்’ என்று வெகுள்வது, திறந்திருக்கும் கதவைப் பூட்டியிருப்பதாக நினைத்துத் திரும்பிப் போவதற்கு ஒப்பாகும்.

அந்தக் கோபுரங்கள் எழுப்பப்பட்டது நமக்காகவோ, பொழுதுபோக்குக்காகவோ அன்று. புகை சூழ்ந்த மாடியில் வழி தெரியாமல் நிற்கும் தீயணைப்பு வீரர் ஒருவர் உதவி என்று அழைத்தால், அந்த அழைப்பு எந்தச் சுவரையும் கடந்து தோழர் செவியை எட்டவேண்டும் என்பதற்காகவே அவை எழுந்தன. அவ்வழைப்பு அங்கே எட்டுகிறதென்றால் ஒலிபரப்பு தன் கடமையைச் செய்துவிட்டது. வெளியே நின்று கேட்க விரும்புகிறவர், பல கோபுரங்கள் எழுப்பும் ஒரே குரலில் தமக்கு அருகிலுள்ளதைத் தேர்ந்து, மற்றவற்றுக்குச் செவியை மூடிக்கொள்ளக் கற்கவேண்டும். நன்றாகக் கேட்பதற்கு வழி எப்போதும் அதிகமாகக் கேட்பதன்று; சில வேளைகளில், குறைவாகக் கேட்பதே என்று கூறி இப்பேச்சை முடித்துக்கொள்கிறேன்.